நம் ஊருக்கு நாமே வயர்லெஸ் இன்டர்நெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் பக்கத்து டவுனோடு நின்றுவிட்டது. மொபைல் சிக்னல் மொட்டைமாடிக்குப் போனால்தான் கிடைக்கிறது. கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் "வீடுகள் குறைவு, கட்டுப்படியாகாது" என்கிறார்கள். இப்படி ஒரு ஊரிலிருந்து வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. கணக்குப் போட வசதியாக, ஃபைபர் உள்ள டவுனிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி 40 வீடுகள் கொண்ட ஒரு ஊரை மனதில் வைத்துக்கொள்வோம்.

முதலில், இது நடக்கிற காரியமா?

நடக்கும். நம் தேனி மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் சேர்ந்து, 2000-களின் நடுவில், தேனி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கிராமக் கண் மையங்களை வைஃபை ரேடியோக்களால் (கம்பியில்லாமல் தகவல் அனுப்பி வாங்கும் கருவிகளால்) இணைத்தன. சில இணைப்புகள் ஒரு கிலோமீட்டர்தான். நீளமானது 15 கிலோமீட்டர். நோயாளி கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருப்பார், மருத்துவர் தேனியிலிருந்து வீடியோவில் பேசுவார். ஆன்டெனாவை எங்கெல்லாம் மாட்டினார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். சில இடங்களில் டவர், சில இடங்களில் மொட்டைமாடிக் குழாய், ஓரிடத்தில் ஒரு ஜவுளி ஆலையின் புகைபோக்கி.

இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் 2005-ல் தொடங்கிய ஏர்ஜல்தி இன்று ஒரு முழு இணைய நிறுவனம். ஸ்பெயினின் கத்தலோனியாவில், குர்ப் என்ற சிற்றூர்ப் பக்கம் 2004-ல் சிலர் தொடங்கிய குய்ஃபி வலையில் இப்போது 35,000-க்கும் மேற்பட்ட முனைகள், அதாவது இணைப்புப் புள்ளிகள், இருக்கின்றன. தொலைபேசி நிறுவனம் வரும் வரும் என்று காத்திருந்து சலித்துப்போனவர்கள் ஆரம்பித்த வேலை அது.

என் வீட்டு பிராட்பேண்டையே எடுத்து ஊருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால்?

அதை மட்டும் செய்யாதீர்கள். வீட்டு இணைப்பை மறுவிற்பனை செய்யக் கூடாது என்று நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறையிலேயே இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்பு சேவை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காசு வாங்காமல் கொடுத்தாலும் உங்கள் பெயரில் உள்ள லைனில் யாரோ செய்யும் காரியத்துக்கு முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

அப்படியென்றால் சட்டப்படி என்ன வழி?

மூன்று வழிகள் உண்டு.

எளிதானது பிஎம்-வாணி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பொது வைஃபை திட்டம். இதில் வைஃபை ஹாட்ஸ்பாட் வைப்பவரை பிடிஓ (பப்ளிக் டேட்டா ஆஃபீஸ்) என்கிறார்கள். டீக்கடைக்காரர்கூட பிடிஓ ஆகலாம், உரிமமோ பதிவுக் கட்டணமோ கிடையாது. பல பிடிஓ-க்களை ஒருங்கிணைத்து, பயனாளரைச் சரிபார்த்து, கணக்கு வைப்பவர் பிடிஓஏ. அவர் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு பிடிஓஏ-வோடு சேர்ந்துகொள்கிறீர்கள், மக்கள் செயலி வழியாக வவுச்சர் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். இந்தத் திட்டம் வந்தும் ஊர் ஊராகப் பரவாததற்கு ஒரு காரணம், பிடிஓ-க்கள் நிறுவனங்களுக்கான, விலை அதிகமான லீஸ்டு லைன் எடுக்க வேண்டியிருந்தது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதைக் கொஞ்சம் சரிசெய்தது: 200 எம்பிபிஎஸ் வரையிலான ஃபைபர் திட்டங்களை, சாதாரண வாடிக்கையாளருக்கான கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மிகாமல் பிடிஓ-க்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, உரிமம் உள்ள ஒரு இணைய நிறுவனத்தின் உள்ளூர் பங்காளியாகச் சேர்வது. நம் ஊர் கேபிள்காரர்கள் பலர் இன்டர்நெட் கொடுப்பது இப்படித்தான். உரிமமும் பில்லும் அவர்களுடையது, கம்பமும் உழைப்பும் உங்களுடையது. வீடு வீடாக இணைப்பு கொடுக்க நினைப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

மூன்றாவது, சொந்தமாக இணைய உரிமம் வாங்குவது. ஒரு ஊருக்காக அதில் இறங்க வேண்டாம். பத்து ஊர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

எந்த வழியானாலும் ஒன்றை மறக்காதீர்கள். டவுனிலிருந்து ஊருக்கு ரேடியோ இணைப்பு போடப்போவதை பிடிஓஏ-விடமோ நிறுவனத்திடமோ சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "சும்மா போடுங்க சார், யாரு கேக்கப்போறா" என்பது சம்மதம் ஆகாது.

அலைவரிசைக்குத் தனியாக உரிமம் வேண்டாமா?

வேண்டாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை 2005 ஜனவரியிலேயே திறந்த வெளிப் பயன்பாட்டுக்கும் உரிமமின்றி விடப்பட்டது. தரம்சாலா வலை அந்த ஆண்டு தொடங்கியது தற்செயல் இல்லை. 2018 அக்டோபரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. ரேடியோ அனுப்பும் திறனுக்கான வரம்பு பட்டைக்குப் பட்டை மாறும். ரேடியோவில் நாட்டை "இந்தியா" என்று வைத்தால் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். வேறு நாட்டைப் போட்டுக் கூடுதல் திறன் எடுப்பது சட்டவிரோதம், பக்கத்து இணைப்புகளையும் கெடுக்கும். வாங்கும் கருவிக்கு இந்திய ஒப்புதல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லைனை எங்கிருந்து எடுப்பது?

டவுனில் ஃபைபர் வரும் ஒரு கட்டடம், அதன் மாடியிலிருந்து உங்கள் ஊர் தெரிய வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அமையும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் மாத வேலை. ஊராட்சி அலுவலகத்தில் டான்ஃபிநெட்டின் ஃபைபர் வந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதற்கான நிறுவனம் அது. அலுவலகத்தில் பெட்டி இருந்து லைட் எரிந்தால், உங்கள் 5 கிலோமீட்டர் பிரச்சினை பாதி தீர்ந்தது.

எவ்வளவு வேகம் வாங்க வேண்டும்?

40 வீடு, வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ், ஆக 2,000 எம்பிபிஎஸ் என்று கணக்குப் போட்டு பயந்துவிடாதீர்கள். இரவு எட்டு மணிக்கு எத்தனை வீட்டில் வீடியோ ஓடும் என்பதுதான் கேள்வி. 15 வீடு என்று வைத்துக்கொண்டு, நல்ல தரமான வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் கொடுத்தால் 75 எம்பிபிஎஸ். பிள்ளைகளின் விளையாட்டு, அப்டேட், வீடியோ கால் எல்லாம் சேர்த்தாலும் 200 எம்பிபிஎஸ் தாராளம்.

வேகத்தைவிட மாத அளவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "அன்லிமிடெட்" என்று சொல்லப்படும் பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி-க்கு மேல் போனால் வேகம் படுத்துவிடும். ஒரு வீட்டுக்கு அது கடல். 40 வீடுகளும் வீட்டுக்கு நாளுக்கு 3 ஜிபி எடுத்தால் மாதம் 3,600 ஜிபி. கடைசி மூன்று நாள் ஊரே உங்களைத் தேடி வரும். ஒப்பந்தத்தில் இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மாடியிலிருந்து பார்த்தால் டவுன் டவர் தெரிகிறது. போதுமா?

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை கோடு போட்ட மாதிரி போவதில்லை. நடுவில் பருத்த ஒரு உருளை வடிவ இடம் அதற்குத் தேவை. ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டருக்கு நடுப்புள்ளியில் அதன் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் குறைந்தது 60 சதவீதம், அதாவது பார்வைக் கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 5 மீட்டர், எதுவும் இல்லாமல் காலியாக இருக்க வேண்டும்.

நம் பக்கம் இதைக் கெடுப்பது பெரும்பாலும் தென்னைதான். ஓலை இடைவெளியில் டவர் தெரிகிறது என்று மாட்டிவிடுவார்கள், கோடையில் நன்றாக ஓடும். ஐப்பசியில் மழை நனைத்த ஓலை அலையை விழுங்கும்போதுதான் தெரியும். அதைவிட மோசம் சவுக்குத் தோப்பு. இன்று முழங்கால் உயரக் கன்று, மூன்று நான்கு வருடத்தில் உங்கள் இணைப்புக்குக் குறுக்கே சுவர். எனவே பாதையில் என்ன மரம் இருக்கிறது என்பதோடு, அந்த நிலத்துக்காரர் அடுத்து என்ன நடப்போகிறார் என்றும் கேட்டு வையுங்கள். யாராவது நடுவில் மாடி எழுப்பத் திட்டமிட்டிருக்கிறார்களா என்றும்தான்.

சிக்னல் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும், கூட்டல் கழித்தல்தான். 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் வெட்டவெளியில் அலை சுமார் 122 டெசிபெல் இழக்கும். ஆன்டெனாவையும் சேர்த்து நீங்கள் அனுப்புவது 36 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) என்றும், எதிர்ப்பக்க டிஷ் 23 டெசிபெல் கூட்டுகிறது என்றும் வைத்தால், 36-லிருந்து 122 போய் 23 சேர்ந்து மைனஸ் 63 டிபிஎம். நல்ல சிக்னல் (மைனஸுக்குப் பின் வரும் எண் சிறியதாக இருந்தால் பலம் அதிகம்). மாட்டியபின் மைனஸ் 78 காட்டினால், ரேடியோவைத் திட்டாமல் டிஷ்ஷின் திசையையும் நடுவில் இருக்கும் மரத்தையும் பாருங்கள். டிஷ்ஷைத் திருப்பும்போது முதலில் கிடைக்கும் உச்சத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கவாட்டில் சின்னச் சின்ன உச்சங்கள் உண்டு, இரண்டு பக்கமும் கடந்து போய்ப் பார்த்துத்தான் உண்மையான உச்சத்தில் போல்ட்டை இறுக்க வேண்டும்.

சாதாரண வைஃபை ரூட்டரில் பெரிய ஆன்டெனா மாட்டினால் ஆகாதா?

வீட்டு வைஃபை பேசும் முறை கிட்டத்தில் இருப்பவர்களுக்கானது. அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் "கிடைத்தது" என்று பதில் வரவேண்டும். தூரம் கூடினால் அந்தப் பதில் வருவதற்குள் ரூட்டர் பொறுமையிழந்து மறுபடி அனுப்பும். இன்னொன்று, யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வைஃபை பேசும். ஊரின் கிழக்குக் கோடி வீட்டுக்கு மேற்குக் கோடி வீட்டின் ரேடியோ கேட்காது, இருவரும் ஒரே நேரத்தில் பேசி இரண்டும் வீண். பெர்க்லி குழு தங்கள் நீண்ட இணைப்புகளில் இந்த முறையையே தூக்கிவிட்டு, ஆளுக்கொரு நேரம் ஒதுக்கும் முறையை வைத்தது. இப்போது யுபிக்விட்டியின் ஏர்மேக்ஸ், மைக்ரோடிக்கின் என்வி2 போன்றவை பெட்டியிலேயே அதைத் தருகின்றன. இரண்டு முனையிலும் ஒரே கம்பெனிக் கருவி வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

மெஷ் போட்டால் டவரே வேண்டாம் என்கிறார்களே?

மெஷ் என்றால் ஒவ்வொரு வீட்டு ரேடியோவும் வாங்கியதை அடுத்த வீட்டுக்குக் கடத்தும் வலை. அழகான யோசனை. பெர்லினின் ஃப்ரைஃபுங்க் இயக்கம் அதை வைத்து ஊரின் பல பகுதிகளை இணைத்தது. அவர்களிடமிருந்து வந்த பேட்மேன் நெறிமுறை இன்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் ஒரே ரேடியோ வாங்கியும் கொடுத்தும் கடத்தினால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது மிஞ்சுவது சொற்பம். மாடிகள் நெருங்கிய நகரத்துக்கு மெஷ் சரி. நம் 40 வீட்டு ஊருக்கு, உயரமான ஓரிடத்தில், விசிறி போல் விரித்து அலை பரப்பும் ஒரு செக்டர் ஆன்டெனா, அதைப் பார்த்து வீடுகள். இது போதும், பழுதைக் கண்டுபிடிப்பதும் சுலபம்.

வீடுகள் தெருவில் ஒட்டி ஒட்டி இருந்தால் வீட்டுக்கு வீடு ரேடியோகூட வேண்டாம், தெருவுக்கு ஒரு வெளிப்புற அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வைக்கலாம். தோட்டத்து வீடுகளாகச் சிதறிக் கிடந்தால்தான் ஆளுக்கொரு ரேடியோ.

உயரத்துக்கு என்ன செய்வது?

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். தீர்மானம் போட்டு எழுத்தில் அனுமதி வாங்காமல் ஏறாதீர்கள். அடுத்த தேர்தலில் தலைவர் மாறினால் வாய்வார்த்தை நிற்காது. இல்லையென்றால் மூன்று மாடி வீட்டின் மேல் ஜிஐ பைப், மூன்று பக்கம் இழுகம்பி. ஏறுபவருக்கு இடுப்பு பெல்ட் கட்டாயம். பைப்பை நிமிர்த்தும்போது சாய்ந்தால் மின்கம்பியைத் தொடுமா என்று முன்பே அளந்துவிடுங்கள், தொடும் என்றால் வேறு இடம்.

அடிக்கடி படுத்துக்கொள்வது எது? ரேடியோவா?

இல்லை, கரண்ட். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

தேனியிலும் தரம்சாலாவிலும் வலையைப் பராமரித்தவர்கள் எழுதிவைத்ததும் இதுதான்: பழுதுகளில் மிகப் பெரும்பங்கு மோசமான மின்சாரத்தால் வந்தது. திடீர் ஏற்றம் போர்டைக் கருக்கும். அது புரிகிறது. புரியாதது, குறைந்த வோல்டேஜ் செய்யும் கொலை. பேட்டரி இறங்க இறங்க ரூட்டர் ஒரேயடியாக அணையாமல் அரை உயிரில் ஓடும். அப்போது நினைவகத்தில் எழுதியது கெடும், அல்லது பெட்டி பாதியில் உறைந்துபோகும். கரண்ட் திரும்பி வந்தாலும் அது எழுந்திருக்காது. யாராவது கம்பத்தில் ஏறி ஒருமுறை பிடுங்கிச் செருக வேண்டும். தீர்வு மலிவானது: குறிப்பிட்ட வோல்டேஜுக்குக் கீழே போனால் சுமையை முழுவதுமாகத் துண்டிக்கும் கட்ஆஃப். நல்ல சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் அது உள்ளேயே வருகிறது. இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கணக்கு இப்படி. 8 வாட் ரேடியோ இரண்டு, ஸ்விட்ச் 4 வாட், மொத்தம் 20 வாட். ஒரு நாளுக்கு 480 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 இருக்கும், ஆயுள் கெடாமல் பாதி எடுக்கலாம் என்றால் 600. ஆக ஒரு முழு நாளும் கொஞ்சமும் தாங்கும். சோலார் மட்டும் என்றால், நாளுக்கு நாலரை மணி நல்ல வெயில், இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால் 150 வாட் பேனல் சரியாக வரும். சரியாக வருவதை வாங்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து மூன்று நாள் வெயில் முகமே தெரியாது. 200 வாட்டுக்கு மேல் பேனலும், இரண்டு பேட்டரியும் போடுங்கள்.

இன்வெர்ட்டர் வேண்டாம். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் அதை மறுபடி 24 ஆக்குவது வீண் இழப்பு. பேட்டரியிலிருந்து நேராக ரேடியோவின் வோல்டேஜுக்கு மாற்றும் டிசி கன்வெர்ட்டர் கிடைக்கிறது. அப்புறம், பிளக்கை யாரும் பிடுங்க முடியாதபடி பெட்டிக்குள் பூட்டுங்கள். செல்போன் சார்ஜ் போட ஊரின் இன்டர்நெட்டைக் கழற்றுவார்கள்.

இடி விழுந்தால்?

நேரடியாக விழுந்தால் எதுவும் காப்பாற்றாது. பக்கத்தில் விழும் இடிதான் பெரும்பாலும் போர்டை எரிக்கும், அதைத் தடுக்கலாம். உறையிட்ட ஈதர்நெட் கேபிள், கேபிளின் இரு முனையிலும் மின் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர், பைப்புக்குத் தனித் தடித்த எர்த் கம்பி. வறண்ட பாறை நிலத்தில் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளை வைக்க வேண்டும். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

ஒருத்தர் படம் இறக்கினால் எல்லோருக்கும் போன் கால் கட்டாகிறதே?

லைன் போதாமை என்று நினைத்துப் பெரிய திட்டம் வாங்கிவிடாதீர்கள். ரூட்டருக்குள் வரிசை நீண்டுவிடுவதுதான் கோளாறு. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் உள்ள ரூட்டரில் "கேக்" அல்லது "எஃப்க்யூ-கோடெல்" என்ற வரிசை முறையை இயக்கி, வேகத்தை லைனின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே, 90 சதவீதம் அளவில் வையுங்கள். கனமான பதிவிறக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு வாட்ஸ்அப் கால் தெளிவாகப் போகும்.

காசுக் கணக்கு எப்படி?

உதாரணத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் தொகைகள் இவை. 40 வீடு, மாதம் 250 ரூபாய், வரவு 10,000. லைனுக்கு 4,000, மாடி வாடகையும் கரண்டும் 500, பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 3,000. மிச்சம் 2,500. இது லாபம் மாதிரித் தெரியும். தெரியட்டும், தொடக் கூடாது. மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி போகும், ரேடியோ போகும். அதற்கான பணம் இது. ஆறு வீடு காசு கொடுக்காமல் இழுத்தடித்தால் மிச்சம் வெறும் ஆயிரம் ரூபாய்தான், அந்த ஆயிரத்தில் பேட்டரி வராது. அதனால் முன்பணம் கட்டினால்தான் இணைப்பு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தலைவர் வீட்டுக்கும் அதே விதி. ஒரு வீட்டுக்கு இலவசம் என்றால் அந்தச் செய்தி சிக்னலைவிட வேகமாகப் பரவும்.

சம்பளம் இல்லாமல் ஆர்வத்துக்காக ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாட்டை நான் நம்புவதில்லை. அவருக்குத் திருமணமாகும், வெளியூரில் வேலை கிடைக்கும். சிறிய தொகையானாலும் சம்பளம் கொடுங்கள், இரண்டு பேருக்கு வேலையைக் கற்றுக்கொடுங்கள், கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதிச் சங்கத்தின் பீரோவில் வையுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கமாகப் பதிந்துகொண்டால் வங்கிக் கணக்கும் கருவிகளும் தனி ஆள் பெயரில் இருக்காது.

யாராவது தப்புக் காரியம் செய்தால்?

யார் எப்போது இணைந்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். பிஎம்-வாணியில் அது பிடிஓஏ-வின் பொறுப்பு, பங்காளி முறையில் நிறுவனத்தின் பொறுப்பு. பொதுக் கடவுச்சொல் ஒன்றைச் சுவரில் எழுதி ஒட்டினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றி எறிகிறீர்கள்.

நாளைக்கே ஃபைபர் வந்துவிட்டால் போட்ட காசு வீணா?

ஃபைபர் வந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளுங்கள். குய்ஃபிகாரர்கள் 2009-லேயே குர்ப் பக்கம் தாங்களே ஃபைபர் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். டவுனிலிருந்து வரும் ரேடியோவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஃபைபரைச் செருகினால், ஊருக்குள் இருக்கும் செக்டரும் வீட்டு ரேடியோக்களும் அப்படியே ஓடும். கழற்றிய ஜோடியை அடுத்த ஊருக்குத் திருப்பலாம்.

கையிருப்பில் என்ன வைத்திருக்க வேண்டும்?

செட்டிங்ஸ் முழுவதும் ஏற்றி வைத்த ரேடியோ ஒரு ஜோடி, ஈதர்நெட் கேபிள் வழியே கரண்ட் கொடுக்கும் பிஓஇ அடாப்டர் இரண்டு, சர்ஜ் ப்ரொடெக்டர் நான்கு, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், கிரிம்பிங் கருவி, ஒரு கட்டு கேபிள், வெயிலில் உதிராத கறுப்பு கேபிள் டை, மல்டிமீட்டர். ஒவ்வொரு கருவியின் செட்டிங்ஸ் கோப்பும் பென் டிரைவில் ஒன்று, சங்கச் செயலாளரின் மின்னஞ்சலில் ஒன்று. புரட்டாசிக்குள் ஒருமுறை மேலே ஏறி, டிஷ்ஷில் காக்காய் கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறந்தபின் எடுத்துவிட்டு, கேபிள் நுழையும் துளையை மறுபடி அடைத்து, கேபிளில் தண்ணீர் சொட்டி விழ ஒரு தொங்கல் வளைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.